பின்பக்கத்தை அளக்கச் சொல்ல ஆள் இல்லை

பாட்டுக் கருவிகளையும் ரெக்கார்டுகளையும் வைக்க இரண்டு வருடத்தில் மூன்று முறை ரேக் மாற்றியிருக்கிறேன். முதலாவது ஆன்லைனில் வாங்கிய டிவி யூனிட், 14,500 ரூபாய். இரண்டாவது ஆசாரியை வைத்துச் செய்தது, 23,000. மூன்றாவது வெல்டிங் பட்டறையில் அடித்த இரும்புச் சட்டங்கள், 11,800. நடுவில் சூட்டில் படுத்துவிட்ட ரிசீவரை, அதாவது ஸ்பீக்கருக்குச் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற பெட்டியை, பழுது பார்க்க 4,200. கூட்டினால் 53,500. என் ரிசீவரின் விலையே அவ்வளவு இல்லை. வீட்டில் இந்தக் கணக்கை முழுதாக இன்னும் சொல்லவில்லை. மனைவிக்குத் தெரிந்தது இரண்டு தொகைதான். மூன்றாவதை அவர் தானாகக் கேட்கும்வரை நானும் பேச்செடுப்பதாக இல்லை.

அப்பா போன பிறகு கும்பகோணம் வீட்டைக் காலி செய்யும்போது அவருடைய எல்பி ரெக்கார்டுகள் 260 என் பங்குக்கு வந்தன. அண்ணனுக்கு அதில் நாட்டமில்லை. அதோடு மூர் மார்க்கெட் வளாகத்தில் நானே அவ்வப்போது வாங்கிய நாற்பது சேர்ந்து, சென்னை வீட்டு ஹாலில் மொத்தம் 300. ரெக்கார்டைச் சுழற்ற ஒரு பழைய டெக்னிக்ஸ் டர்ன்டேபிள், ஒரு ஏவி ரிசீவர், ஒரு சிடி பிளேயர், இரண்டு ஸ்பீக்கர். டர்ன்டேபிளுக்கு ஊசி தேட மூன்று வாரம் அலைந்தேன். ஸ்பீக்கர் ஒயரின் கனத்துக்கு இரண்டு இரவு படித்தேன். இத்தனையும் உட்காரப்போகிற ரேக்கைப் பத்து நிமிடத்தில், பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போது, செல்போனில் வாங்கினேன். அங்கே ஆரம்பித்தது எல்லாம்.

அந்த யூனிட்டின் விவரத்தில் 'ஐம்பத்தைந்து இன்ச் டிவிக்கு ஏற்றது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நானும் அதைத்தான் பார்த்தேன். அகலம் ஐந்து அடி, பார்க்க லட்சணமாக இருந்தது, தேக்கு நிறம். வந்து இறங்கி, கூட வந்த பையன் ஒரு மணி நேரத்தில் பூட்டிக் கொடுத்துவிட்டுப் போன பிறகுதான் ரிசீவரைத் தூக்கி உள்ளே வைத்தேன். யூனிட்டின் உள் ஆழம் 33 சென்டிமீட்டர். ரிசீவர் 38. டிவி இப்போதெல்லாம் தோசைக்கல் கனத்துக்கு வந்துவிட்டது, அதனால் டிவி யூனிட்டுகளும் மெலிந்துவிட்டன. ரிசீவர் மட்டும் அன்றைக்கு இருந்த அதே கனத்தில்தான் இருக்கிறது. வாங்கும் முன் இது எனக்கு உறைக்கவில்லை. அதுவும் 38 என்பது வெறும் பெட்டியின் ஆழம். பின்னால் ஸ்பீக்கர் ஒயர், எச்டிஎம்ஐ, பவர் ஒயர் எல்லாம் சொருகினால் இன்னும் ஆறேழு சென்டிமீட்டர் வேண்டும். எச்டிஎம்ஐ ஒயரை முறுக்கி மடக்கி வைக்க முடியாது, அது கொஞ்சம் வளைந்துதான் திரும்பும். ஆக எனக்கு வேண்டியது 45. வாங்கியது 33.

திருப்பி அனுப்பியிருக்கலாம். பூட்டிய சாமானை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். சரி என்று பின்னால் இருந்த மெல்லிய பலகையைக் கத்தியால் அறுத்து, ஒயர் போக ஜன்னல் மாதிரி ஒரு பெரிய ஓட்டை போட்டேன். அன்று சாயங்காலமே யூனிட் லேசாக ஆட ஆரம்பித்தது. பக்கவாட்டில் விரலால் தள்ளினால் மெதுவாகச் சாய்ந்து திரும்பி வந்தது. அந்த மூன்று மில்லிமீட்டர் அட்டை வெறும் மறைப்பு என்று நினைத்திருந்தேன். இந்த மாதிரிப் பூட்டுகிற சாமான்களில் சதுரம் சதுரமாகவே நிற்பதற்குக் காரணம் அந்தப் பின் அட்டைதான். அதை அறுத்தால் நாலு பலகையும் நாலு திருகும்தான் மிச்சம். ஓட்டை போட்டே ஆகவேண்டும் என்றால் ஓரங்களை விட்டு, ஒயர் போகும் அளவுக்கு மட்டும் வட்டமாகப் போடுங்கள். இன்னும் நல்லது, வாங்கும் முன்பே ரிசீவரின் பின்னால் எல்லா ஒயரையும் சொருகிவிட்டு, முன்னாலிருக்கும் வால்யூம் குமிழின் நுனியிலிருந்து பின்னால் ஒயர் வளைகிற இடம் வரை டேப் பிடிப்பது. கையேட்டில் இருக்கிற அளவை நம்பாதீர்கள், அதில் ஒயர் இருக்காது.

ரெக்கார்டுகளைக் கீழ்ப்பலகையில் நிறுத்தினேன். இரண்டு தடுப்புக்கு நடுவே 75 சென்டிமீட்டர், அதில் இருநூற்றுச் சொச்சம் அடங்கியது. இரண்டு மாதத்தில் பலகையின் நடு, கயிற்றுக் கட்டில் மாதிரி தொய்ந்தது. அப்போதுதான் பத்து ரெக்கார்டை எடுத்துச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். உறையோடு இரண்டரை கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரு அடி நீளத்துக்கு எண்பது ரெக்கார்டு பிடிக்கும் என்று வைத்தால், அடிக்கு 20 கிலோ. என் பலகை சுமந்தது 50 கிலோ. விவரத்தின் அடியில், பொடி எழுத்தில், ஒரு பலகைக்கு 15 கிலோ என்று இருந்ததைப் பிறகு தேடிக் கண்டுபிடித்தேன். ரெக்கார்டு என்பது புத்தகத்தைவிட மோசமான சுமை; இடைவெளியே இல்லாமல் அடைந்து உட்காரும். இதில் ஒரு கணக்கு தெரிந்திருந்தால் தப்பித்திருப்பேன். நிறைத்து அடுக்கிய பலகையின் நீளம் இரண்டு மடங்கானால், தொய்வு இரண்டு மடங்காக ஆகாது, பதினாறு மடங்காகும். பலகையைத் தடிமனாக்குவதும் உதவும்தான், 18 மில்லிக்குப் பதில் 25 மில்லி போட்டால் பழைய தொய்வில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். ஆனால் நடுவில் ஒரு தடுப்பு வைப்பது அதைவிடச் சல்லிசு, அதைவிடப் பலம். ரெக்கார்டு வைக்கிற அறை ஒன்றரை அடி அகலத்தைத் தாண்டவே கூடாது என்பது என் கட்சி. ஐக்கியாவின் கல்லக்ஸ் அலமாரியை உலகம் முழுக்க ரெக்கார்டு வைத்திருப்பவர்கள் வாங்குவது சும்மா இல்லை; ஒவ்வொரு கட்டமும் உள்ளே 33 சென்டிமீட்டர்தான், எல்பி உறை 31 சொச்சம்.

அந்த யூனிட்டை முடித்துவைத்தது சுமை இல்லை, தண்ணீர். நவம்பர் மழையில் பால்கனிப் பக்கம் சாரல் அடித்து ஹாலில் தண்ணீர் நின்றது. நின்றது என்றால் வெள்ளமில்லை, துடைத்து எடுக்கிற அளவு. பக்கப் பலகை தரையைத் தொட்டுக்கொண்டிருந்த ஓரத்தில் அந்த ஈரம் ஏறியது. உள்ளே இருந்தது மரத்தூளை ஒட்டி அழுத்திய பார்ட்டிகிள் போர்டு. ஒரு வாரத்தில் அடிப்பக்கம் பொரி மாதிரி உப்பி, தேக்கு நிறத் தாள் பிளந்துகொண்டது. விரலால் சுரண்டினால் ரவை ரவையாக உதிர்ந்தது. ஒரு முறை ஊதிவிட்டால் காய்ந்தாலும் பழைய அளவுக்கு வராது. நம் வீடுகளில் தினமும் ஈரத்துணியால் தரை துடைக்கிறோம், மழைகூட வேண்டாம், அதுவே போதும். கால் வைத்துத் தரையிலிருந்து உயர்த்தாத பார்ட்டிகிள் போர்டு சாமானை நம்மூரில் யாரும் வாங்காதீர்கள். பழைய சாமான்காரர் 600 ரூபாய் கொடுத்து எடுத்துப் போனார். அதையும் ஏதோ எனக்கு உபகாரம் செய்கிற முகத்தோடுதான்.

இனிமேல் கடையே வேண்டாம் என்று தெரிந்த ஆசாரி ஒருவரைக் கூப்பிட்டேன். இங்கே அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். வேலை சுத்தம். 19 மில்லி பிளைவுட், ஐஎஸ் 303 தர முத்திரை, ஈரம் தாங்குகிற பிடபிள்யூஆர் ரகம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினோம். ஐஎஸ் 710 மெரைன் பிளை எடுக்கலாமா என்று கேட்டேன். "ஹாலுக்கு எதுக்கு சார் அது, சமையக்கட்டுல தொட்டிக்குக் கீழ போடுறது" என்றார். நியாயம். தப்பெல்லாம் நான் சொன்ன அளவில். ரிசீவரின் அகலம் 43.5 சென்டிமீட்டர் என்று கையேட்டைப் பார்த்து ஒப்பித்தேன். அவர் கொஞ்சம் விட்டே 44.2-க்கு அறை அடித்தார், இரண்டு பக்கமும் மைக்கா ஒட்டியதும் 44 ஆனது. பத்து கிலோ பெட்டியை இரண்டு கையாலும் அடியில் பிடித்து உள்ளே தள்ளினேன். பெட்டி போய்விட்டது. என் விரல்கள் பெட்டிக்கும் மைக்காவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றன. மனைவி வந்து முன்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க, தோல் உரிய விரலை உருவினேன்.

"ஏங்க, இத வெளிய எடுக்கணும்னா?" என்றார். அந்தக் கேள்வியை ஆசாரி மைக்கா ஒட்டும் முன் யாராவது கேட்டிருக்க வேண்டும்.

ஒயர் போக ஓட்டை போடச் சொல்லியிருந்தேன். ஒரு ரூபாய் நாணயம் அளவில் அழகாக இரண்டு போட்டிருந்தார். ஒயர் போகும், அதன் முனையிலிருக்கும் த்ரீ பின் ப்ளக் போகாது. கடைசியில் ரிசீவரின் பவர் ஒயரை வெட்டி, ஓட்டை வழியாக விட்டு, புது ப்ளக் மாட்டினேன். உள்ளுக்குள் அழுகையே வந்தது. ஆசாரியிடம் 'ஒயருக்கு ஓட்டை' என்று சொல்லாதீர்கள், ப்ளக்கையே கையில் கொடுத்துவிடுங்கள். ஆபீஸ் மேஜைகளில் ஒயருக்குப் போடுகிற அறுபது மில்லி வட்டம் சரியாக இருக்கும், அதற்கு மூடியும் கடையில் கிடைக்கிறது.

அடுத்தது கதவு. எனக்கு வேண்டாம். அம்மாதான் "தூசி அடையும்டா, கண்ணாடிக் கதவாவது போடு" என்றார். சென்னைத் தூசி அறிந்தவன், மறுக்க முடியவில்லை. கண்ணாடி வழியாக ரிமோட் வேலை செய்தது, அந்த ஒரு சந்தோஷத்தில் மற்றதை மறந்தேன். ரிசீவர் சும்மா ஆன் செய்து வைத்தாலே சூடாகிற சாதனம். அதன் மூடியில் இருக்கிற வரிசைத் துளைகள் அந்தச் சூடு மேலே போகத்தான். என் கையேட்டின் முதல் பக்கங்களிலேயே படம் போட்டிருந்தார்கள், மேலே 30 சென்டிமீட்டர், பக்கங்களிலும் பின்னாலும் இருபது காலியாக இருக்க வேண்டும் என்று. நான் விட்டது மேலே நாலு விரல், பக்கத்தில் கால் சென்டிமீட்டர், முன்னால் கதவு. 2023 மே மாதம், கத்திரி வெயில், ஞாயிறு மதியம் பாதிப் பாட்டில் டப் என்று அணைந்தது. பத்து நிமிடம் கழித்துத் தானாக வந்தது. சூட்டிலிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அது அணைந்தது என்று புரிந்துகொள்ளாமல், கரண்ட் ஏற்ற இறக்கம் என்று நினைத்து ஸ்டெபிலைசரைச் சந்தேகப்பட்டேன். அப்படி நாலைந்து முறை அணைந்து அணைந்து, ஒரு நாள் வரவே இல்லை. கதவைத் திறந்து மூடியில் கை வைத்தேன், அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய குக்கர் மாதிரி இருந்தது. உங்களுடையது பாட்டுக்கு நடுவில் அணைந்தால் முதலில் மூடியில் உள்ளங்கையை வையுங்கள். மற்ற ஆராய்ச்சியெல்லாம் பிறகு. அளந்து கொடுத்த முழு இடமும் உங்களால் விட முடியாது என்றால், முன்னும் பின்னுமாவது முழுக்கத் திறந்து விடுங்கள். மேலே சாமி படம், பொம்மை, சிடி பிளேயர் எதுவும் வேண்டாம். தூசியை வாரம் ஒரு முறை பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிடலாம்.

சூட்டைவிட என்னை அதிகம் குழப்பியது ஓர் ஊளை. டர்ன்டேபிளையும் இரண்டு ஸ்பீக்கரையும் அந்தக் கேபினெட்டின் தலையிலேயே வரிசையாக வைத்திருந்தேன், பார்க்க ஜோராக இருந்தது. மெதுவாகக் கேட்டால் பிரச்சினை இல்லை. கொஞ்சம் சத்தம் கூட்டினால் தவிலும் பாஸ் கிட்டாரும் கொழகொழத்து, இன்னும் கூட்டினால் 'ஊ' என்று அடித்தொண்டையில் ஒரு சத்தம் தானாக வளர்ந்தது. ஊசியை மாற்றினேன், 3,000 ரூபாய் (இது மேலே சொன்ன கணக்கில் சேர்த்தியில்லை, சேர்த்தால் தூக்கம் வராது). போகவில்லை. நடந்தது இவ்வளவுதான்: ஸ்பீக்கர் பலகையை அதிர வைக்கிறது, பலகை டர்ன்டேபிளை அதிர வைக்கிறது, ஊசி அந்த அதிர்வையும் பாட்டு என்று நினைத்து எடுத்துக்கொடுக்கிறது, அது மறுபடி ஸ்பீக்கருக்கே போகிறது. கோயில் திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கர் முன்னால் கொண்டுபோனால் கூவுமே, அதே சங்கதி. இதைச் சோதிக்க காசு வேண்டாம். சுழலாமல் நிற்கிற ரெக்கார்டின் மேல் ஊசியை இறக்கிவிட்டு, வழக்கமாகக் கேட்கிற சத்தத்தில் வைத்து, பலகையை விரல் முட்டியால் லேசாகத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் தட்டுகிற சத்தம் தொம் தொம் என்று கேட்டால் உங்கள் ரேக்கும் பேசுகிறது என்று அர்த்தம். ஸ்பீக்கர் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும், டர்ன்டேபிள் இருக்கிற சாமானின்மேல் மட்டும் இருக்கக்கூடாது.

ஸ்பீக்கரைப் பிரித்து ஸ்டூலில் வைத்தேன், ஊளை நின்றது. உடனே இன்னொரு சத்தம் காதில் விழுந்தது. அதுவரை ஊளையில் அமுங்கிக் கிடந்த 'உம்ம்'. டர்ன்டேபிளுக்கு நேர் கீழே ரிசீவர், அதற்குள் ஒரு பெரிய டிரான்ஸ்பார்மர். ஊசி மாட்டியிருக்கிற கார்ட்ரிட்ஜ் என்பது காந்தமும் செப்புச் சுருளும்தான், கிட்டத்தில் டிரான்ஸ்பார்மர் இருந்தால் அதன் இரைச்சலை இழுத்துக்கொள்ளும். எர்த் ஒயரைச் சரியாக மாட்டியும் போகாமல், டர்ன்டேபிளை ஒன்றரை அடி இடதுபக்கம் தள்ளியதும் அடங்கியது. தள்ளிய இடத்தில் மூடியைத் திறந்தால் சுவரில் இருந்த ஷெல்பில் இடித்தது. மூடி திறந்து நிற்க மேலே ஒன்றரை அடி வேண்டும், பின்பக்கமும் அது கொஞ்சம் வெளியே வரும். இப்படி ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று.

2024 பொங்கலுக்குப் பிறகு, தெருமுனை வெல்டிங் பட்டறையில் கேட் ரிப்பேருக்குப் போனபோது, அங்கே கடைகளுக்குப் போடுகிற இரும்பு ரேக் ஒன்று நின்றது. நாலு பக்கமும் திறந்தது, பலகை தனியாக எடுக்கக்கூடியது. எனக்கு வேண்டியதெல்லாம் இதுதானே என்று அங்கேயே ஒரு சிமெண்ட் சாக்கில் சாக்பீஸால் வரைந்து காட்டினேன். தம்பி பார்த்துவிட்டு, "மீன் தொட்டி ஸ்டாண்டா சார்?" என்றார். கிட்டத்தட்ட அதுதான். மீன் தொட்டி ஸ்டாண்ட் செய்யத் தெரிந்தவருக்கு ரெக்கார்டு ஸ்டாண்ட் விளக்க வேண்டியதில்லை. கனம், ஆட்டமில்லாமை, தண்ணீர் மூன்றும் அவருக்குத் தெரியும்.

இரண்டு சட்டம் செய்தோம். ஒன்று தாழ்வானது, ஒன்றரை இன்ச் ஸ்கொயர் பைப், மூன்று ரெக்கார்டு அறைகள், தலையில் டர்ன்டேபிள் மட்டும். அடியில் எழுபது சொச்சம் கிலோ ரெக்கார்டு உட்கார்ந்திருப்பதால் அது எதற்கும் அசையாது. அப்பாவின் சேகரிப்பே பாரம். கீழே நட்டு திருகி உயரம் மாற்றுகிற கால். கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கி, குமிழி நடுவில் நிற்கும்வரை திருகினேன். எங்கள் ஹால் தரை பால்கனி பக்கம் அரை இன்ச் சரிந்திருப்பது அன்றுதான் தெரிந்தது. இன்னொன்று சின்னது, ரிசீவருக்கும் சிடி பிளேயருக்கும், பூட்டுகிற சக்கரத்தோடு. அகலம் 55 சென்டிமீட்டர், ஆழம் ஐம்பது, முதுகு கிடையாது. இழுத்துத் திருப்பினால் பின்பக்கம் என் முகத்துக்கு நேரே வரும். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தலைகீழாகத் தொங்கி ஒயர் மாட்டியவர்களுக்குத்தான் இந்தச் சுகம் புரியும். சக்கரம் டர்ன்டேபிள் ஸ்டாண்டுக்கு வேண்டாம், அது அசையாமல் இருப்பதுதான் முக்கியம்.

ஒரு குறை வந்தது. காலி இரும்புப் பைப்பைத் தட்டினால் மணி மாதிரி கணீர் என்றது. தம்பியிடம் சொல்லி மேல் முனைகளை மூடாமல் விட்டு, நன்றாகக் காய வைத்த மணலைப் புனல் வைத்துக் கொட்டி, பிளாஸ்டிக் மூடி அடித்தேன். இப்போது தட்டினால் மரத்தைத் தட்டுகிற சத்தம்தான். ஈர மணல் போட்டால் உள்ளேயிருந்து துரு பிடிக்கும், இரண்டு நாள் மொட்டை மாடி வெயில் கட்டாயம்.

வெளிநாட்டு ஆடியோ ஆட்கள் கூம்பு மாதிரி கூரான இரும்புக் கால்களைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். நானும் ஆசைப்பட்டு ஸ்பீக்கர் ஸ்டாண்டுக்கு ஒரு செட் வாங்கி, விட்ரிஃபைடு டைல்ஸில் நாலு கீறல் போட்டேன். இப்போது அடியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ரூபாய் நாணயம் இருக்கிறது. அவர்கள் வீடுகளில் பல இடங்களில் பலகைத் தரை, நடந்தாலே ஊசி குதிக்கும். அவர்கள் கவலை அவர்களுக்கு. நமக்குக் கான்கிரீட் தளம், அந்தத் தொல்லையில் முக்கால்வாசி இங்கே கிடையாது. ஆனால் அவர்களுக்குத் தினமும் தரை துடைக்கிற தண்ணீர் பற்றி எழுத வேண்டிய அவசியமில்லை.

23,000 ரூபாய் கேபினெட் இன்னும் ஹாலில்தான் இருக்கிறது. கண்ணாடிக் கதவுக்குள் மனைவியின் கொலு பொம்மைகள், சூடில்லாமல், தூசியில்லாமல். அம்மாவுக்கு அதில் பெருத்த திருப்தி. போன வாரம் ஆசாரி வேறு வேலையாக வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "நான் அப்பவே நெனச்சேன் சார், இது பொம்மைக்குத்தான் லாயக்குன்னு" என்றார். அப்பவே சொல்லியிருக்கலாமே என்றேன். "நீங்க கேக்கலையே" என்றார்.